மூன்றாம் கிழமைக்கு ஆள் பார்த்து வையுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கு 56 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. நாலு மாதமாக இடது கால் முழுக்க உளைவும் விறைப்பும். எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது நாரியின் நாலாம் ஐந்தாம் முள்ளெலும்புக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கிற துண்டு, பிதுங்கி நரம்பை அமத்துகிறது என்று வந்திருக்கிறது. டொக்டர் ஒப்பரேஷன் செய்யலாம் என்கிறார், சொந்தக்காரர் எல்லாரும் முள்ளந்தண்டில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்கிறார்கள். உப்புவெளியில் நீங்களும் அம்மாவும் மட்டும், நீங்கள் வேலைக்குப் போகிறவர். செய்தவர்கள் என்ன பட்டார்கள், பிறகு எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கிறீர்கள். நான் பிசியோதெரப்பிஸ்ட், இருபது வருஷத்துக்கு மேல் திருகோணமலைப் பக்கத்தில்தான் வேலை. போதாததற்கு 2014இல் எனக்கே அதற்கு அடுத்துக் கீழே இருக்கிற எல்5-எஸ்1 டிஸ்க் எடுத்தார்கள், அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அனுபவமும் இருக்கிறது, கட்டிலில் கிடந்த அனுபவமும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, இடது கால் செருப்பு கழன்று விழுவது அம்மாவுக்குத் தெரிவதில்லை என்று, அதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் முழுக் கேள்வியிலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். எல்4-எல்5 இடத்தில் டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் அமுங்குவது எல்5 நரம்பு. பாதத்தின் மேற்பக்கத்து உணர்ச்சியும் பெருவிரலை மேலே தூக்குகிற பலமும் அந்த நரம்பின் பொறுப்பு. அம்மாவைக் கதிரையில் இருத்தி, இரண்டு பெருவிரலையும் தன் முகத்தைப் பார்க்கத் தூக்கச் சொல்லுங்கள், நீங்கள் விரலால் கீழே அமத்திப் பாருங்கள். வலது பக்கம் எதிர்த்து நிற்க, இடது பக்கம் சட்டென்று விட்டுக்கொடுத்தால் பலம் குறைந்திருக்கிறது. பிறகு சுவரில் கை வைத்துக்கொண்டு குதிக்காலில் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டாம், போய் முன்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். நோவைப் பொறுக்கலாம், பலம் குறைந்துகொண்டு போவதைப் பொறுக்கக்கூடாது. நோ திடீரென்று விட்டு, கால் மட்டும் முன்னைவிடச் சோர்ந்துபோனால் சுகம் வந்துவிட்டதென்று சந்தோஷப்படவும் வேண்டாம். சீனியாலும் பாதம் விறைக்கும்தான், ஆனால் அது வழமையாக இரண்டு காலிலும் ஒரேமாதிரி, விரல் நுனியிலிருந்து தொடங்கும். ஒரு கால் மட்டும் என்றால் நாரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. தொடையிடுக்கும் மலவாசலைச் சுற்றியும், அதாவது சைக்கிள் சீட்டில் படுகிற இடம், விறைத்துப்போனால், சலம் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால், இரண்டு காலும் சோர்ந்தால், நடுச்சாமமானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் எங்கள் அம்மாமார் நாரி நோவை ஊருக்கே சொல்வார்கள், சலம் போகாததை இரண்டு நாள் ஒளித்து வைப்பார்கள். அந்த இரண்டு நாளில் போனது பிறகு திரும்பி வராமலே போகலாம்.

சரி, படுத்த படுக்கை கதைக்கு வருவோம். அந்தப் பயம் முட்டாள்தனமானதென்று நான் சொல்லமாட்டேன், எங்கள் பக்கத்தில் முள்ளந்தண்டு என்றாலே ஷெல்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவர்களைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அது வேறு, இது வேறு. மூளையிலிருந்து இறங்குகிற முண்ணாண் என்கிற அந்தக் கயிறு, பெரியவர்களுக்கு நாரியின் முதலாம் இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் மாதிரித் தனித்தனி நரம்புகள்தான் தொங்குகின்றன. அம்மாவுக்குச் செய்யப்போகிற இடம் அதற்கும் இரண்டு மூன்று எலும்பு கீழே. அங்கே ஒரு நரம்பு காயப்பட்டால் பாதம் தொங்கலாம், விறைப்பு மிஞ்சலாம், நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசியலாம், காயத்தில் கிருமி தொற்றலாம். இவை நடக்கிறவைதான், டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆனால் கழுத்தில் அடிபட்டவருக்கு வருகிற மாதிரி முழு உடம்பும் விழுவது இந்த இடத்துக் கதை இல்லை. ஊரில் சொல்கிற ‘ஒப்பரேஷன் செய்து கெட்டுப்போனவர்’ கதைகளைத் தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்கனவே கால் விழுந்து, சலம் போய், கடைசி நேரத்தில் கொண்டுபோனவர்களாக இருப்பார்கள். நான் தோண்டியிருக்கிறேன்.

அதற்காக ஓடிப்போய்ச் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. டிஸ்க் பிதுங்கிக் கால் உளைகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் தானாகவே குறையும், பிதுங்கின பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். 2007இல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று பெயர்போனது. ஒரு பகுதிக்கு உடனே ஒப்பரேஷன், மற்றப் பகுதிக்கு மருந்தும் காத்திருப்பும், தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஒப்பரேஷன். உடனே செய்தவர்களுக்குக் கால் நோ கெதியாக விட்டது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் சுகம். காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவில் பொறுக்க முடியாமல் இடையில் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆக, வெறும் நோ மட்டுமென்றால் அவசரமில்லை, அவரவர் பொறுமையும் வேலையும்தான் தீர்மானிக்கும். அம்மா நாலு மாதம் பொறுத்துவிட்டார், செருப்பும் கழல்கிறது. எனக்கு அம்மா என்றால் நான் இனிக் காத்திருக்கமாட்டேன்.

ஒரு விஷயத்தை ஒப்பரேஷனுக்கு முன்னமே அம்மாவின் மனதில் பதிய வைத்துவிடுங்கள், இது பதியாததால் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் ஒப்பரேஷன் காலுக்குச் செய்வது, நாரிக்கு அல்ல. நரம்பின் மேல் இருக்கிற அமத்தலை எடுத்தால் காலுக்குள் ஓடுகிற அந்த மின்சாரம் மாதிரி நோ முதலில் போகும், பலருக்குக் கண் விழிக்கும்போதே போயிருக்கும். பலம் மாதக்கணக்கில் மெல்ல வரும். விறைப்பு கடைசியாகப் போகும், அல்லது ஒரு துண்டு இடத்தில் அப்படியே தங்கிவிடும், எனக்கு வலது சுண்டுவிரல் இன்றைக்கும் யாருடையதோ விரல் மாதிரித்தான். காயப்பட்ட நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், நாரியிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பழைய நாரி நோவோ குறையலாம், குறையாமலும் விடலாம். போய்க் கேட்கும்போது “எந்த நோ போகும், எந்த நோ நிற்கும்?” என்று இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். டிஸ்க்கை மட்டும் எடுக்கிறார்களா, ஸ்க்ரூ வைத்து எலும்பைப் பூட்டுகிறார்களா என்பதையும் கேளுங்கள், இரண்டும் இரண்டு விதமான சுகப்படல். முதலாவதுக்கு ஆறு கிழமை என்றால் இரண்டாவதுக்கு எலும்பு ஒட்டவே மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் எடுக்கும். ஸ்க்ரூ வைத்தவர் புகைக்கிறவராக இருந்தால், புகை எலும்பைச் சரியாக ஒட்டவிடாது.

திகதி கிடைத்த பிறகு செய்ய வேண்டியதில் முதலாவது சீனி. கூடின சீனியோடு போனால் காயம் பழுக்கும், அல்லது திகதியையே தள்ளிப்போடுவார்கள். அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வாஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை ஏதாவது போடுகிறாரா என்று கட்டாயம் சொல்லுங்கள், நாட்டு மருந்து குடித்தால் அதையும். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது வீடு. உங்கள் வீட்டில் குந்துகிற கக்கூஸ்தானே? அது ஆகாது. கமோட் கதிரை ஒன்று வேண்டும், இரும்புச் சட்டத்தில் நடுவில் ஓட்டை உள்ளது, குந்துகிற தொட்டிக்கு மேலேயே தூக்கி வைக்கலாம். குளிக்க ஒரு நாலுகால் பிளாஸ்டிக் கதிரை, வாளியை நிலத்தில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் வைக்க வேண்டும். அம்மா புழங்குகிற எல்லாம், தேயிலை, சீனிப்போத்தல், சட்டி, மருந்துப் பெட்டி, இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வர வேண்டும். திருவலையை ஒளித்து வையுங்கள். சிரிக்க வேண்டாம், ஒப்பரேஷன் செய்து பன்னிரண்டாம் நாள் குனிந்திருந்து தேங்காய் துருவின ஒரு அம்மாவைத் தம்பலகாமத்தில் போய்ப் பார்த்தேன், “சும்மா அரை மூடிதானே” என்றார். கட்டிலைப் பற்றிக் கேட்பீர்கள்: பலகையில் படுக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை, நடுத்தரமான மெத்தை போதும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பதில் படுப்பது பிரச்சினை இல்லை, எழும்புவதுதான் பிரச்சினை.

பெரிய சத்திரசிகிச்சைக்கு இங்கேயிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்புவது வழமை. அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை, ஆனால் போக்குவரத்து, கூட நிற்பவரின் தங்கல், வெளியே எடுக்கிற ஸ்கான், நீங்கள் வேலைக்குப் போகாத நாட்கள் என்று செலவு வேறு வழியால் வரும். கையில் இல்லாதவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், முன்னமே விசாரிப்பது நல்லது.

காசைவிட எனக்குக் கவலை மொழி. நான் கிடந்த வாட்டில் எனக்கு எதிர்க் கட்டிலில் மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், எழுபது வயது இருக்கும், சிங்களம் ஒரு சொல் தெரியாது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் அவருக்குச் சலக்குழாயைக் கழற்றிவிட்டார்கள், பிறகு சலம் போகவில்லை, வயிறு வீங்கிவிட்டது. நேர்ஸ் வந்து “ரிதெனவாத?”, அதாவது நோகுதா, என்று கேட்க, என்ன கேட்கிறார் என்று விளங்காமலே அம்மா தலையாட்ட, நோவுக்கு ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார். இன்னும் இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு நேர்ஸ், அதே கேள்வி, அதே தலையாட்டல். நேர்ஸ்மாரில் பிழை சொல்லமாட்டேன், முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர். என்னால் திரும்பிப் படுக்கவே முடியாத நிலையில், அவருக்குச் சலம் போகவில்லை என்று நான் கத்தித்தான் சொன்னேன். ஆகவே கூட நிற்பவர் சிங்களம் பேசுகிறவராக இருந்தால் பாதிப் பாரம் குறையும். இல்லையென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: நாரிக்கு ‘கொந்த’, விறைக்கிறது என்பதற்கு ‘ஹிரி வெட்டெனவா’, காலில் பலமில்லை என்பதற்கு ‘கக்குலே பண நே’, சலம் போகவில்லை என்பதற்கு ‘முத்ரா யன்னே நே’. நோவையும் விறைப்பையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால் டொக்டருக்கு அது வேறு வருத்தம்.

ஒப்பரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அம்மாவுக்கு அது நித்திரை, உங்களுக்குத்தான் நீளமான நாள். எனக்கு ஞாபகம் இருப்பது அன்றிரவு. முழிப்பு வந்தது, வாட்டில் ஒரு லைட் மட்டும், வாய் காய்ந்திருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. ஐந்து மாதமாக ஒரு நிமிஷம் விடாமல் கூடவே கிடந்த கால் நோ இல்லை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது, கால் இருக்கிறதா என்று விரலை ஆட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கும் இப்படி வரலாம். வராமல், ஒரு கிழமை நரம்பு வீக்கத்தோடு உளைந்துகொண்டும் இருக்கலாம், அதற்காக ஒப்பரேஷன் பிழையாகப் போய்விட்டதென்று அர்த்தமில்லை.

மறுநாளே எழுப்பி நடத்துவார்கள், சில இடத்தில் அன்றைக்கே. எழும்புகிற முறையை இப்போதே வீட்டில் பழக்கிவிடுங்கள், காயத்தோடு புதிதாகப் பழகுவது கஷ்டம். மல்லாந்து படுத்தபடி இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒன்றாக, மரக்கட்டை உருளுகிற மாதிரி ஒருக்களிக்க வேண்டும், தோள் முன்னுக்குப் போய் இடுப்பு பின்னுக்கு நிற்கக்கூடாது. பிறகு கால்கள் இரண்டும் கட்டில் ஓரத்தால் கீழே இறங்க, அதே நேரத்தில் கீழ்ப்பக்க முழங்கையாலும் மேல்பக்கக் கையாலும் கட்டிலை அமத்தி உடம்பைத் தூக்க வேண்டும். கால் இறங்குகிற பாரமே உடம்பை மேலே கொண்டுவரும். இருந்தபடி இருபது எண்ணிவிட்டு எழும்ப வேண்டும், தலை சுற்றும். நீங்கள் செய்கிற உதவி தோளுக்குக் கீழே கை கொடுப்பது மட்டும்தான், கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. படுக்கும்போது இதெல்லாம் தலைகீழாக.

டிஸ்க் ஒப்பரேஷன் மட்டும் என்றால் சில நாளில் துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டயக்னோசிஸ் கார்ட் இங்கிலிஷில் இருக்கும், வாங்கின இடத்திலேயே நின்று நாலு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தையல் எப்போது வெட்டுவது, எந்தக் குளிசை எத்தனை நாள், கதிரையில் எவ்வளவு நேரம் இருக்கலாம், ஏதாவது நடந்தால் எங்கே போவது. கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர். பஸ் வேண்டவே வேண்டாம். வானில் பின் சீட்டை முழுதாக விட்டு, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்க வையுங்கள், குருநாகல், தம்புள்ள, ஹபரண என்று முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி ஐந்து நிமிஷம் நடத்துங்கள், கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருக்கத்தான் இந்த நடை. டிரைவருக்கு முதலே சொல்லிவிடுங்கள், எங்களுடையவர் கந்தளாய் தாண்டும்வரை நல்ல பிள்ளையாக ஓட்டிவிட்டுப் பிறகு வீட்டு ஞாபகத்தில் மிதித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முதல் இரண்டு கிழமையில் கவனிக்க வேண்டியது காயமும் வயிறும். தையலைப் பத்து முதல் பதினாலு நாளில் வெட்டுவார்கள், அதுவரை நனையக்கூடாது, எண்ணெய் தடவக்கூடாது, யார் என்ன எண்ணெய் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்லுங்கள். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ், தெளிந்த தண்ணி மாதிரிக் கசிவு, எழும்பி இருந்தால் தலையிடி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம், இவை வந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் நேரே 1990. ட்ரமடோல் மாதிரி நோக் குளிசைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் நாரி கொல்லும். பப்பாசிப்பழம், கீரை, நிறையத் தண்ணி, அதற்கும் சரிவராவிட்டால் டொக்டரிடம் லக்டுலோஸ் பாணி கேளுங்கள். நரம்பு நோவுக்குத் தருகிற பிரிகபலின், கபபென்டின் இரவில் தலை சுற்றவைக்கும். கக்கூசுக்குப் போகிற வழியில் ஒரு லைட் எரியட்டும். அந்தக் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நடைதான் மருந்து. முதல் நாட்களில் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம், நாளைக்கு ஐந்தாறு தரம். பிறகு வாசல்வரை, பிறகு ஒழுங்கை முனைவரை. கதிரையில் இருப்பது ஒரு தரத்துக்கு இருபது முப்பது நிமிஷம். ஆறு கிழமைக்குக் குனிவது, முறுக்கித் திரும்புவது, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவது இல்லை. நிறைந்த ஒரு வாளித் தண்ணி பத்து கிலோ, காஸ் சிலிண்டர் உள்ளே இருக்கிற காஸே 12.5 கிலோ. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் டிஸ்க் திரும்பப் பிதுங்கும், அதை நோயாளியின் பிழையாக ஆக்காதீர்கள். இடுப்புப் பெல்ட் டொக்டர் சொன்னால் மட்டும்.

இப்போது தலைப்பில் எழுதின விஷயம். முதல் கிழமை வீடு கோயில் திருவிழா மாதிரி இருக்கும். ஹோர்லிக்ஸ் போத்தல், தோடம்பழம், ஆளுக்கொரு கதை. அதில் கட்டாயம் ஒருவர் அம்மாவின் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, தன் மச்சானுடைய சித்தப்பா இப்படிச் செய்துதான் எழும்பாமல் போனார் என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டாம் கிழமை குறையும். மூன்றாம் கிழமை யாரும் வரமாட்டார்கள். தையல் வெட்டியாயிற்று, நடக்கிறார், முகம் தெளிந்திருக்கிறது, இனி என்ன என்று நீங்களும் வேலைக்குப் போய்விடுவீர்கள். என் கணக்கில் நோயாளிகள் உடைகிறது அப்போதுதான்.

எனக்கு அது பதினெட்டாம் நாள். வீட்டில் தனியே இருந்தேன், குளிக்கும்போது சவர்க்காரம் கையிலிருந்து வழுக்கி நிலத்தில் விழுந்து, வழுக்கிக்கொண்டே போய் மூலையில் நின்றது. நான் நூற்றுக்கணக்கான பேருக்குக் குனியாமல் எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, நாரியை நேரே வைத்துக்கொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உடம்பு மாட்டேன் என்றது. குனிந்தால் ஏதோ அறுந்துவிடும் என்ற பயம். அந்தப் பச்சைச் சவர்க்காரத்தைப் பார்த்துக்கொண்டு, நுரை காய்ந்து தோல் இழுக்க, பத்து நிமிஷம் நின்று அழுதேன். நோவே இல்லை. அதுவரை “பயப்படாமல் அசையுங்கோ அம்மா” என்று எத்தனை பேரிடம் எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் பட்டது.

ஆகவே உங்கள் லீவை முழுதாக முதல் கிழமையில் எரித்துவிடாதீர்கள். முதல் கிழமைக்குச் சித்தியோ பெரியம்மாவோ எப்படியும் வருவார்கள். பாதி நாளை மூன்றாம் நாலாம் கிழமைக்கு வைத்திருங்கள், அல்லது அடுத்த வீட்டுக்காரரிடம் பகலில் இரண்டு தரம் எட்டிப் பார்க்கச் சொல்லி நேரம் குறித்து வையுங்கள், “முடிந்தால் பாருங்கோ” என்று சொன்னால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அம்மாவிடம் “நோ எப்படி?” என்று மட்டும் கேட்காமல் “இன்றைக்கு எதற்குப் பயந்தீங்கள்?” என்றும் கேளுங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு வேண்டாம், இப்படி இருப்பதைவிடப் போய்ச் சேரலாம் என்ற பேச்சு வந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

வெட்கத்தில் கேட்காமல் விடுகிற கேள்விகள் சில உண்டு. வீட்டுக்குப் போய்ப் பயிற்சி காட்டிவிட்டு வெளியே வரும்போது, படலையடிவரை வந்து “மிஸ், ஒரு விஷயம்…” என்று இழுக்கிற கணவன்மார் எத்தனை பேர். தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை, காயம் ஆறி, நோ இல்லாமல், நாரிக்குப் பாரம் வராத முறையில், சில கிழமைக்குப் பிறகு. கிண்ணியா அம்மாமார் தொழுகையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்: குனிகிற ருகூவும் நெற்றியை நிலத்தில் வைக்கிற சுஜூதும் இப்போதைக்கு நாரிக்கு ஆகாது, கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள், அவர்களுக்கு வேண்டியது அதை ஒரு மருத்துவ ஆள் வாயால் கேட்பது. சுகம் வந்தால் அங்கப்பிரதட்சணை செய்கிறேன் என்று நேர்த்தி வைத்த ஒருவரிடம், அம்பாளிடம் கேட்டு அதை அன்னதானமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன், மாற்றினார். கோணேசர் கோயில் ஏற்றம் ஆறு கிழமைக்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறலாம். கன்னியா வெந்நீர் காயம் நன்றாக ஆறின பிறகு பரவாயில்லை. ஆனால் விறைத்த பாதத்தில், அதுவும் சீனிக்காரரின் பாதத்தில், சுடுதண்ணிப் போத்தல் ஒத்தடம் மட்டும் வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கவிடுவதும் இனி இல்லை.

வேலையைப் பற்றி உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மேசை வேலைக்கு நாலு முதல் ஆறு கிழமை, பாரமான வேலைக்கு மூன்று மாதம். வலை இழுக்கிறவருக்கும் வயல்காரருக்கும் இந்த மூன்று மாதம்தான் உண்மையான சத்திரசிகிச்சை. ஒரு மீனவர் ஐந்தாம் கிழமை கடலுக்குப் போனார், “வலை இழுக்கமாட்டன் மிஸ், சும்மா என்ஜின்தான் பிடிப்பன்” என்றார். அலையில் போட் குத்திக் குத்தி எழும்புவது வலை இழுப்பதைவிட மோசம் என்று போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கடன்காரன் படலையில் நிற்கும்போது நான் சொல்வதை எங்கே கேட்பது?

முண்ணாணே காயப்பட்டு இயங்காமல் போனவர்களின் தேவை இதிலிருந்து முழுக்க வேறு: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண், சலக்குழாய், சக்கரக் கதிரை. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் ராகம, திகன புனர்வாழ்வு வைத்தியசாலைகளைப் பற்றிக் கேளுங்கள். மாங்குளத்தில் ‘உயிரிழை’ இருக்கிறது, யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களே சேர்ந்து நடத்துகிற அமைப்பு. அதே நிலையில் பத்து வருஷம் வாழ்ந்த ஒருவர் சொல்கிறதை நான் சொல்ல முடியாது.

கமோட் கதிரை வாங்க அவசரப்படாதீர்கள். எனக்காக 2014இல் வாங்கினது குசினிக்குப் பின்னால் கிடக்கிறது. நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் என்று ஏழெட்டு வீடு போய் வந்துவிட்டது, போன மாதம்தான் சம்பூரிலிருந்து திரும்பி வந்தது. ஒரு காலில் இறப்பர் மூடி இல்லை, மாற்ற வேண்டும். திகதி கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், ஓட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன். அதற்கு முன்னால், இன்றைக்கு இரவே, அந்தப் பெருவிரலைப் பார்த்துவிடுங்கள்.